ஏழாம் பாட்டோடு நின்ற பதிகம்

"சாமி, ஒருத்தனும் வேலை செய்ய மாட்டேங்கறான்" என்றான் அம்பலவாணன்.

குரு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

மடத்துக் குளத்தின் கரை உடைந்து கிடந்தது. ஐப்பசி மழைக்குள் அடைக்காவிட்டால் மாட்டுக் கொட்டகையும் மடப்பள்ளியும் மிதக்கும். அந்த வேலையை மேற்பார்க்கும் பொறுப்பு சீடர்களில் ஒருவனான அம்பலவாணனுக்கு. நன்றாக உழைத்தவன் என்று அவன் யாரைக் கைகாட்டுகிறானோ, அந்தச் சீடனைக் காசிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார் குரு.

"எல்லாரும் சும்மாவா இருக்காங்க?"

"சும்மா இல்ல சாமி. சோலையப்பன் எனக்கு மோர் கடையறான். ரெண்டு பேர் கால் பிடிக்கறாங்க. ஒருத்தன் என் மேல பதிகம் பாடறான்."

"எப்படி இருக்கு?"

"பரவாயில்ல சாமி. ஏழாவது பாட்டு நல்லா வந்திருக்கு."

புளியங்கொம்பாகத்தான் பிடித்திருந்தார்கள். அம்பலவாணனுக்குக் கன்னத்தில் சதை போட்டிருந்தது.

அன்று மாலைப் பூசை முடிந்ததும் குரு எல்லோரையும் நிறுத்தி வைத்தார்.

"காசிக்கு வர்றது யாருன்னு இனிமே அம்பலவாணன் சொல்ல மாட்டான். இங்க இருக்கற இன்னொருத்தர் சொல்லுவார். அது யாருன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்."

மறுநாள் சீடர்கள் சமையல்காரருக்குக் கும்பிடு போட்டார்கள். காவல்காரருக்கும் போட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று சிவப்புப் பசுவுக்கும் ஒன்று போட்டார்கள்.

எத்தனை பேர் காலைத்தான் பிடிப்பது? அலுத்துப்போய் மண்வெட்டியை எடுத்தார்கள்.

கரை மளமளவென்று எழுந்தது.

அம்பலவாணனை நாய்கூடச் சீண்டவில்லை. மோரைத் தானே கடைந்தான். காலைத் தானே பிடித்துக்கொண்டான். பதிகம் ஏழாம் பாட்டோடு நின்றுபோனது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகுதான் ஒன்று உறைத்தது. இதுவரை அவன் தன்னையே கைகாட்டிக்கொள்ள முடியாமல் இருந்தது. இப்போது அவனும் காசிக்குப் போகலாமே!

மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு மத்தியானம். குளத்தில் மற்றவர்கள் கடைசிக் கூடை மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அம்பலவாணன் குருவின் அறைக்குள் நுழைந்தான்.

"மோர் கொண்டாந்திருக்கேன் சாமி. நானே கடைஞ்சது."

"வை."

காலடியில் உட்கார்ந்து, மெல்லக் கால் பிடிக்க ஆரம்பித்தான்.

"சாமி, அந்த இன்னொருத்தர் யாரு? சும்மா, தெரிஞ்சுக்கலாம்னுதான்."

குரு மோரைக் குடித்து முடித்தார். மற்றக் காலையும் நீட்டினார்.

"பதிகம் எதுவும் எழுதலையா?" என்று கேட்டார்.