பைக்குள் போன தகர டப்பா

முதலில் கெடுதல் செய்தது பைதான். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

ஒரு காலத்தில், காட்டுக்குள் ஓடும் ஓர் ஆற்றில், சடையப்பனும் அவன் மனைவியின் தம்பி முனிராசும் ஆண்டுதோறும் மழை ஓய்ந்ததும் பரிசலில் மீன்பிடிக்கப் போவார்கள். நான்கு நாள் பயணம். வழியில் ஒரு குடிசை கிடையாது. கையில் கொண்டுபோனதுதான் உண்டு.

அதனால் சாமான் கட்டுவதில் சடையப்பன் படு கண்டிப்பு. கம்பளி, மாற்றுத் துணி, தீப்பெட்டி எல்லாம் ரப்பர் பைக்குள் போகும். பையின் வாயை மூன்று மடிப்பு மடித்து, கயிற்றால் இறுக்கிக் கட்டுவான். பரிசலுக்குள் கசியும் தண்ணீரை இறைக்கும் தகர டப்பா மட்டும் வெளியே. அதைப் பரிசலின் மூங்கில் விளிம்பில், கை எட்டும் இடத்தில், ஒரு முழக் கயிற்றில் தொங்கவிடுவான்.

முதல் பயணத்தில், பை அதைப் பார்த்துச் சிரித்தது. “நாயைத்தான் இப்படி வெளியே கட்டிப் போடுவாங்க” என்றது. உள்ளே இருந்த துணியெல்லாம் சேர்ந்து சிரித்தது.

டப்பா அதை மறக்கவில்லை. ஆறு வருஷம் கழித்தும், சாமான் கட்டும்போது கேட்டது.

“அன்னைக்குச் சொன்னதுக்கு ஒரு வார்த்தை பாக்கி இருக்கு.”

“என்ன வார்த்தை?” என்றது பை.

“தப்புதான்னு ஒரு வார்த்தை.”

“துரு பேசுது, கேட்டீங்களா?” என்றது கம்பளி. மறுபடியும் சிரிப்பு.

இரண்டாம் நாள், ஆறு பாறைகளுக்கு நடுவே நுரைத்து விழும் இடம் வந்தது. அங்கே பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோடு நடந்துதான் கடக்க வேண்டும். சடையப்பன் பரிசலைத் தூக்கினான். முனிராசு பையைத் தோளில் போட்டுக்கொண்டான். பத்தடி போவதற்குள் பாதையில் யானைச் சாணம். ஆவி பறந்துகொண்டிருந்தது.

விளிம்பில் தொங்கிய டப்பா மூங்கிலில் லொடக், லொடக் என்று இடித்தது.

“மாமா, அதை நிறுத்துங்க. யானையக் கூப்பிட்டு நம்மளக் காட்டிக் கொடுத்துரும்” என்று முனிராசு கிசுகிசுத்தான். “பைக்குள்ள போட்டுடறேன்.”

“அது பைக்குள்ள போற சாமான் இல்லடா.”

“தாண்டினதும் எடுத்துக் கட்டிக்கலாம்.”

“சரி” என்றான் சடையப்பன். அந்தச் ‘சரி’தான் பிசகு.

உள்ளே போனதும், உண்மையைச் சொன்னால், டப்பாவுக்குக் கொஞ்சம் சந்தோஷம். ஆறு வருஷம் காத்திருந்த இடமல்லவா? ஆனால் கம்பளி, “ஐயோ, சேறு! தள்ளிப் படு!” என்று கத்தியது. பை தன் வாயை இறுக்கிக்கொண்டது.

பாறைகளைத் தாண்டி அவர்கள் பரிசலைத் தண்ணீரில் இறக்கும் நேரம், பின்னால் ஒரு மரக்கிளை முறிந்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பரிசலைக் கல்மேல் கரகரவென்று இழுத்துத் தள்ளி, ஏறி, துடுப்பைப் போட்டார்கள். பையை யாரும் அவிழ்க்கவில்லை.

நடு ஆற்றில் டப்பாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. அதற்குத்தான் அது தெரியும். அடியில் பூசிய தார் உரிந்து, தண்ணீர் உள்ளே வரும் சத்தம்.

“தண்ணி ஏறுது. வாயைத் திற” என்றது.

“மாட்டேன். திறந்தா துணி நனையும். நனையாம வைக்கத்தான் என்னைச் செஞ்சாங்க.”

“பரிசல் முழுகினா?”

“முழுகினாலும் என் துணி நனையாது.”

“ஆளுங்க?”

பை தன் மடிப்பை இன்னும் இறுக்கிக்கொண்டது.

வெளியே முனிராசு இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் கொட்டினான். அள்ளியதைவிட வந்தது அதிகம்.

“டப்பா எங்கடா?” என்று சடையப்பன் அலறினான். அவன் கை, வழக்கமாக அது தொங்கும் இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

“பைக்குள்ள, மாமா!”

முடிச்சு நனைந்து கல்லாகிவிட்டது. முனிராசு நகத்தால் பிறாண்டினான், பல்லால் கடித்தான். பை விடவில்லை. தண்ணீர் முழங்காலைத் தொட்டது. பரிசல் ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. கடைசியில் அவன் மீன் அறுக்கும் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான். கம்பளியும் துணியும் தண்ணீரில் சரிந்தன. அவற்றின் நடுவிலிருந்து டப்பா அவன் கைக்கு வந்தது.

அதன்பின் அது மூச்சு விடவில்லை. முங்கி எழுந்தது, கொட்டியது, மறுபடி முங்கியது. எதிர்க்கரை மணலில் பரிசல் தட்டும்வரை நிற்கவில்லை.

வெயிலில் துணிகள் புதர்மேல் காய்ந்தன. கம்பளி, “நனைஞ்சா என்ன, காயுறதுக்கு ஒரு கரை கிடைச்சுதே” என்று டப்பாவின் பக்கம் பார்த்துச் சொன்னது.

பை மட்டும், “கண்டவனை உள்ளே விட்டதாலதான் என் கயிறு அறுந்துது” என்றது.

உரிந்த இடத்தில் கையோடு கொண்டுவந்த தாரைப் பூசி, மறுநாள் கிளம்பும்போது, சடையப்பன் எல்லாவற்றுக்கும் முன்னால் டப்பாவை விளிம்பில் கட்டினான். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். பிறகுதான் பைக்கு வேறொரு கயிறு தேடினான்.

“அந்த வார்த்தை?” என்றது டப்பா.

பை மூன்று மடிப்பு மடிந்து உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு துணி எடுக்க, தீப்பெட்டி எடுக்க அந்த வாய் எத்தனையோ முறை திறந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தை மட்டும் இன்னும் வெளியே வரவில்லை.