கண்டல் கிளம்பிய கதை

அந்தக் காலத்தில் கண்டல் மரத்தாள், ஆறு கடலைச் சேரும் கழிமுகத்துச் சேற்றில், மற்ற மரங்களைப் போலக் காலை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டு ஒழுங்காகத்தான் நின்றாள். அப்போது மரத்துக்கும் பேச்சு உண்டு, நண்டுக்கும் உண்டு. நண்டுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

கண்டலும் காய்த்தாள், விதை உதிர்த்தாள். ஒரு பிள்ளைகூட அவள் காலடியில் தங்கவில்லை. கடலின் ஓதம் நாளுக்கு இரண்டு முறை ஏறி வரும். வடியும்போது விதைகளை வாரிக்கொண்டு போய்விடும். திரும்பி வரும்போது, யார் யாரோ பெற்ற இறால்குஞ்சையும் மீன்குஞ்சையும் கொண்டுவந்து அவள் நிழலில் விடும். அவள் உதிர்த்த இலையை நண்டு கிழித்துப் போடும். அது ஊறி அழுகும். அதைத் தின்று குஞ்சுகள் கொழுக்கும். பெரிதானதும் சொல்லாமல் கொள்ளாமல் கடலுக்குப் போய்விடும்.

"யாரு பெத்த பிள்ளைங்களோ எங்கிட்ட வளருது. என் பிள்ளைங்க எங்க?" என்று ஓதத்திடம் கேட்டாள் கண்டல்.

"நானா புடுங்கிட்டுப் போனேன்? நீதான உட்ட," என்றது ஓதம். "வேர் இருந்திருந்தா புடிச்சு நின்னிருக்குமே."

அந்தச் சொல் அவளை அரித்தது. கடலைப் பார்த்துப் பார்த்து ஏங்கினாள். எந்தக் கரையில் ஒதுங்கினார்களோ, ஒதுங்கினார்களா இல்லையா, அதுவும் தெரியாது. ஒருநாள் காலை, ஓதம் வடிந்திருந்த நேரம், "நான் தேடிப் போறேன்" என்று சேற்றிலிருந்து ஒரு வேரை உருவி முன்னால் வைத்தாள்.

"வேணாங்க்கா! கரை கரையுதுக்கா!" என்று நண்டு வளையிலிருந்து அலறியது. அவள் காதில் வாங்கவில்லை. அடுத்த வேரையும் தூக்கினாள். பிடி விட்ட சேறு சரிந்தது. ஒதுங்க இடமில்லாமல் குஞ்சுகள் வெயிலில் துள்ளின. ஒரு கொக்கு அவசரமே இல்லாமல் நடந்து வந்தது.

"பெரியம்மா, எங்க போற?" என்றது ஓர் இறால்குஞ்சு.

கண்டல் குனிந்து பார்த்தாள். என் பிள்ளையும் இப்படி யார் காலடியிலாவது நின்று கேட்குமோ? தூக்கிய வேரை அப்படியே ஊன்றினாள். சேறு நின்றது. குஞ்சுகள் வேர்களின் இடுக்கில் ஓடி ஒளிந்தன. கொக்கு முணுமுணுத்துக்கொண்டே போனது.

ஆனால் எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அன்று முதல்தான் கண்டல் மரம் கடலுக்கு நடக்கப் போவது போல, வளைந்த கால்களோடு சேற்றுக்கு மேலே நிற்கிறது. விதையை வெறுமனே உதிர்ப்பதும் இல்லை. கிளையிலேயே முளைக்கவிட்டு, முழ நீளம் வளர்த்து, சேற்றில் குத்தி நிற்கும்படி இறக்கிவிடுகிறது. அதிலும் ஒன்றிரண்டை, ஓதம் நன்றாக ஏறியிருக்கும் நேரம் பார்த்து, வேண்டுமென்றே தண்ணீரில் நழுவவிடும். மூத்த பிள்ளைகளை எங்காவது கண்டால், அம்மா கிளம்பிவிட்டாள் என்று சொல்லச் சொல்லி.