ராஜாவின் குதிகாலும் சடைச்சியின் துடைப்பமும்

மருதங்கோட்டையை ஆண்ட விசயபூபதி ராஜாவுக்கு எதிலும் குறைவில்லை. அறிவு மட்டும் கொஞ்சம் கம்மி என்பார்கள். அதையும் அவர் காதில் விழாத தூரத்தில் நின்றுதான் சொல்வார்கள். அவர் அரண்மனைக்குள் கருங்கல் பாவிய பெரிய முற்றம் ஒன்று கட்டினார். கட்டியதை நாலு பேர் பார்க்க வேண்டாமா? தினமும் காலையில் கனத்த தங்கப் பாதக்குறட்டைப் போட்டுக்கொண்டு, சபை மொத்தமும் கைகட்டி நிற்க, முற்றத்தை ஐம்பது சுற்றுச் சுற்றினார். முடிந்ததும் நெய் ஒழுகப் பொங்கல். ஆறே மாதத்தில் தொந்தி முன்னால் வந்தது, குதிகால் வலி பின்னால் வந்தது.

விடிந்து கட்டிலை விட்டு முதல் அடி வைத்தால் முள் ஏறின மாதிரி இருக்கும். பத்து அடி நடந்தால் கொஞ்சம் விடும். வெகுநேரம் நின்றால் மறுபடி பிடித்துக்கொள்ளும். அரண்மனை வைத்தியர்கள் வந்தார்கள், ராஜபாதத்தின் அழகைப் புகழ்ந்தார்கள், தைலம் தடவிவிட்டுப் போனார்கள்.

கடைசியில் அனந்தகிரி ஜோசியர் வந்து சோழி உருட்டினார்.

"முற்றம் பெருக்கும் சடைச்சிதான் காரணம், மகாராஜா. தாங்கள் நடந்துபோன காலடிச் சுவட்டைத் தினமும் துடைப்பத்தால் அடிக்கிறாள். அடி சுவட்டில் விழுகிறது, வலி குதிகாலில் எழுகிறது."

உண்மையில், தூணில் வெற்றிலை எச்சிலைத் துப்பாதீர்கள் என்று சடைச்சி ஜோசியரிடம் போன வாரம் சொல்லியிருந்தாள். அந்தக் கோபம் சோழியில் விழுந்துவிட்டது.

ராஜா யோசிக்கவே இல்லை. "ஆற்றுக்கு அந்தப்பக்கம் துரத்துங்கள்" என்றார்.

இடுப்பில் கைக்குழந்தையோடு சடைச்சி நின்றாள். ஆற்றுக்கு அந்தப்பக்கம் காடுதான். "சாமி, பெருக்கத்தானே என்னை வச்சிருக்கீக?" என்றாள்.

சபையில் ஓலை வாசிக்கும் சொக்கப்பனுக்கு இது பொறுக்கவில்லை. வாசலில் நாள் முழுக்கக் கல்லின் மேல் நிற்கிற காவலர்களுக்கு இதே வலி வருஷக்கணக்காக உண்டு. அவர்கள் குதிகாலுக்காக யாரும் சோழி உருட்டியதில்லை. என்ன செய்தால் வலி விடும் என்று அவன் அவர்களிடம் கேட்டு வைத்திருந்தான். ஆனால் பாதக்குறட்டையும் பொங்கலையும் விட்டால் சரியாகும் என்று ராஜாவின் முகத்துக்கு நேரே சொல்ல அவனுக்கும் தைரியம் வரவில்லை. அதனால் வேறு வழியில் போனான்.

"ஜோசியர் வாக்கு பொய்க்காது, மகாராஜா. ஆனால் இவளைத் துரத்திய பிறகும் வலி போகாவிட்டால் அவர் பெயரல்லவா கெடும்? ஒரு மண்டலம், நாற்பத்தெட்டே நாள், இவளை என் பொறுப்பில் விடுங்கள். அதற்குள் சுவட்டில் பட்ட தோஷத்தை நான் இறக்குகிறேன். பிறகு துரத்தலாம்."

ஜோசியருக்கு வாயெல்லாம் பல். குணமானால் பெயர் அவருக்கு, ஆகாவிட்டால் பழி சொக்கப்பனுக்கு. "நல்ல யோசனைதான்" என்றார்.

"உன் பொறுப்பு" என்றார் ராஜா.

சொக்கப்பன் பரிகாரத்தைத் தொடங்கினான். "தங்கக் குறடு கனம், மகாராஜா. சுவடு அழுத்தமாக விழும், தோஷம் அதில் போய்த் தங்கும். பஞ்சு வைத்துத் தைத்த தோல் செருப்புப் போடுங்கள்."

"ஐம்பது சுற்று?"

"சுவடு எத்தனை விழுகிறதோ தோஷம் அத்தனை. ஒரு சுற்றுப் போதும்."

"பொங்கல்?"

"உடம்பு கனத்தால் சுவடும் கனக்குமே."

ராஜா அன்றைக்குப் பொங்கலை நினைத்து நிஜமாகவே வருந்தினார்.

அதோடு அவன் விடவில்லை. கட்டிலிலிருந்து இறங்குமுன் பாதத்தில் துண்டை மாட்டி, விரல்களைத் தன் பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். பிறகு சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையோடு அழுத்தி, முப்பது எண்ணும்வரை குலதெய்வத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். கெண்டைக்கால் இழுத்தால் தெய்வம் வந்துவிட்டது என்று அர்த்தம். சாயங்காலம் குளிர்ந்த தண்ணீர் நிறைத்து வாயை இறுக அடைத்த செம்பைக் காலடியில் போட்டு உருட்ட வேண்டும். எல்லாம் வாசல் காவலர்கள் சொன்னது. குலதெய்வம் மட்டும் சொக்கப்பன் சேர்த்தது.

பத்து நாளில் வலி மட்டுப்பட்டது. நாற்பத்தெட்டாம் நாள் காலை ராஜா கட்டிலை விட்டு இறங்கி, வலிக்காக முகத்தைச் சுளித்துத் தயாராக நின்றார். வலி வரவில்லை.

முற்றத்தில் சபை கூடியது. ஜோசியர் முந்திக்கொண்டார். "நான் சொன்னேனே, மகாராஜா. அவளைச் சொக்கப்பன் பொறுப்பில் விட்டதிலிருந்து நாற்பத்தெட்டு நாளாகச் சுவட்டில் துடைப்பம் படவில்லை, வலி போய்விட்டது. இனி அவளைத் துரத்த வேண்டியதுதான்."

சொக்கப்பன் சடைச்சியைக் கூப்பிட்டான். "இத்தனை நாள் என்ன செஞ்சே, ஆத்தா?"

"வேற என்ன செய்வேன்? நீங்க சொன்னபடி ராசா நடந்து போனதும் தெனமும் இந்த முத்தத்தைப் பெருக்கினேன். அதே துடைப்பம்தான்."

ஜோசியர் முகம் கறுத்தது. "பொய். பெருக்கவே இல்லை" என்றார்.

"குனிந்து தரையைப் பாருங்கள், ஐயா" என்றான் சொக்கப்பன். "இருநூறு புறாவும் ஒரு யானையும் நாற்பது மந்திரிகளும் புழங்குகிற முற்றம். நாற்பத்தெட்டு நாள் பெருக்காமல் விட்டால் இப்படியா இருக்கும்?"

சபை மொத்தமும் குனிந்தது. அந்த அரண்மனையில் அவர்கள் தரையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கருங்கல்லில் அவரவர் முகம் தெரிந்தது. தினமும் அதன்மேல்தான் நின்றார்கள், ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தரை தானாகவே சுத்தமாக இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.

ராஜாவுக்குக் கோபம் ஏறியது. "பெருக்கச் சொன்னது யார்?"

"நான்தான், மகாராஜா. என் பொறுப்பில் விட்டீர்களே."

ராஜா தன் காலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், ஜோசியரைப் பார்த்தார். ஜோசியர் அதற்குள் வாசல்பக்கம் நகர ஆரம்பித்திருந்தார். சடைச்சி ஊரிலேயே இருக்கட்டும், அவள் பிள்ளைக்கு அரண்மனைப் பால் கொடுங்கள் என்று உத்தரவானது. சடைச்சி பிள்ளையை இறுக்கிக்கொண்டு அழுதாள்.

பிறகு ராஜா சொக்கப்பனிடம் திரும்பினார். "பாதக்குறடும் பொங்கலும்தான் காரணம் என்று முதல் நாளே என்னிடம் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம், மகாராஜா. ஆற்றைக் கடக்கச் சடைச்சிக்கு நானும் வழித்துணையாகப் போயிருப்பேன்."

ராஜாவுக்குச் சிரிப்பு வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதுவரை சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை.