வாலை அளந்த கயிறு

காட்டுக் குளத்தில் ஒரே ஒரு துவைகல் இருந்தது. அதில் யார் முதலில் துவைப்பது என்பதை வால்தான் முடிவு செய்தது.

நீண்ட வால் உள்ளவர் முதலில் துவைக்கலாம். குட்டை வால் உள்ளவர் கடைசியில் நிற்க வேண்டும். கருங்குரங்கும் சிறுத்தையும் காலை வெயிலில் வந்து தெளிந்த நீரில் துவைப்பார்கள். நல்ல பாறைகளில் துணியை விரித்துவிட்டுப் போவார்கள். முயலும் முள்ளம்பன்றியும் கல்லருகே வரும்போது குளம் கலங்கிக் குழம்பாகியிருக்கும். வெயிலும் மரங்களுக்குப் பின்னால் இறங்கியிருக்கும்.

பெருச்சாளிக்கு நல்ல நீளமான வால். அதை நம்பி அவன் ஒருநாள் முன்னால் போய் நின்றான். "முடியில்லாத வால் கணக்கில் சேராது!" என்று அவனைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். சட்டம் அப்படித்தான். எளியவனுக்கு அது உதவப்போகிறது என்று தெரிந்தால் அன்றைக்கே அதில் ஒரு திருத்தம் முளைத்துவிடும்.

வாலை அளப்பவன் நரி. அவன் தோளில் எப்போதும் ஒரு நார்க்கயிறு சுருண்டு கிடக்கும். அவனுடைய வால் ஒன்றும் பெரிய வால் இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் முன்பே அவன் துணி காய்ந்துவிடும். அளப்பவனின் வாலை யார் அளப்பது?

இதை எதிர்த்துக் குரல் கொடுத்தவன் ஈட்டியப்பன் என்ற முள்ளம்பன்றி. முதுகு முள் முற்றாத வயதிலேயே கோஷம் போடத் தொடங்கியவன். மரப்பட்டைகளில் செம்மண்ணால் எழுதுவான். 'வாலில் இல்லை உயர்வு தாழ்வு!' 'குளம் எல்லோர்க்கும் பொது!' அவற்றைத் தூக்கிக்கொண்டு குளத்தைச் சுற்றி வருவான். கல்லடி பட்டிருக்கிறான். முள்வேலிக்குள் அடைபட்டும் கிடந்திருக்கிறான்.

"அன்னைக்கு என்னோட கூட வந்தவங்கள்ல பாதிப் பேரு இன்னைக்குச் சிறுத்தைக்கு வால் பிடிக்கிறானுங்க!" என்று அடிக்கடி கசப்போடு சொல்வான். அது பொய்யும் இல்லை.

அவன் வீடு மருத மரத்து வேர்களுக்கு அடியில் இருந்தது. படுக்க ஓர் அறை, வந்து போக ஒரு நடை, அவ்வளவுதான். அதில் அவனும் மனைவி காந்தளும் குட்டிகளும் இருந்தார்கள். கடைக்குட்டியின் பெயர் கொழுந்து. கலங்கல் நீரில் அலசி, ஈரம் காயாத துணியிலேயே படுத்துப் படுத்து, கொழுந்துவின் வயிறெல்லாம் சொறி. மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

காந்தள் ஒருநாள் ஈரத்துணி மூட்டையைப் பொத்தென்று கீழே போட்டாள்.

"என்னங்க, வீட்டுலயே துவைக்க ஒரு இடம் பண்ணிக் குடுங்க. மழை பிடிச்சிட்டா பிள்ளைக்குத் தோலே மிஞ்சாது."

"இந்த வீட்டுலயா?" ஈட்டியப்பன் சிரித்தான். "நான் திரும்பிப் படுத்தாலே முள்ளு சுவத்துல கோடு போடுது!"

"அந்த மூலை இருக்கே!"

நடை வளைந்து பின்வாசலுக்குப் போகும் இடத்தில் ஒரு மூலை இருந்தது. அவன் எழுதிய பட்டைகளும் கொடிக்கம்புகளும் அங்கேதான் கூரை வரை அடுக்கிக் கிடந்தன.

"அதுவா? அது வரலாறு!"

"உங்க வரலாறு பின்வாசலை அடைச்சிக்கிட்டு நிக்குது. அதை நகர்த்தினா முன்வாசல் காத்து பின்வாசல் வழியாப் போகும். அடைமழையிலயும் துணி உலரும். தண்ணியும் அப்படியே வெளியே ஓடிடும்."

ஈட்டியப்பன் நிமிர்ந்து நின்றான். "குளத்துல உரிமை கேட்டுப் போராடுறவன் வீட்டு மூலையில ஒளிஞ்சு துவைக்கிறதா? அது பின்வாங்கல்! ஊர் என்ன பேசும்?"

"ஊருக்கா சொறி பிடிச்சிருக்கு?" என்று கேட்டாள் காந்தள்.

அவன் சரிந்த ஒரு பட்டையை எடுத்துத் தூசி தட்டி மறுபடி அடுக்கினான். மூலையைக் காலி செய்யவில்லை.

முயலுக்கு வாய் நிற்காது. காந்தள் வீட்டிலேயே துவைக்கப் பார்க்கிறாள் என்ற செய்தி அவன் வழியாக நரிக்குப் போனது. நரி திடுக்கிட்டான்.

'கடைசியில் நிற்பவர்கள் கழன்று போனால் வரிசை என்னாவது? அப்புறம் என் கயிறு எதற்கு?'

உடனே ஒரு கொன்றை மாலையோடு மருத மரத்தடிக்கு வந்துவிட்டான்.

"தோழர் ஈட்டியப்பன் அவர்களே! தங்கள் கோரிக்கையைக் குளத்தை நடத்தும் எங்கள் துறைக்குழு கொள்கையளவில் ஏற்றுக்கொண்டுவிட்டது!"

"கொள்கையளவிலயா?"

"ஆமாம் தோழரே! செயலளவில் கொண்டுவரத் தங்களைப் போன்ற தியாகி அல்லவா வேண்டும்? இன்றிலிருந்து தாங்கள்தான் வரிசைத் துணைத் தலைவர்! இந்த நேரத்தில் தங்கள் வீட்டுத் துணி மூலையில் துவைக்கப்பட்டால் போராட்டத்துக்கு எவ்வளவு இழுக்கு!"

நரி ஒரு மஞ்சள் துணிப் பட்டையை அவன் மார்பில் குறுக்காகக் கட்டினான். முட்களில் மாட்டிக் கிழியாமல் பார்த்துக் கட்டினான். ஈட்டியப்பனுக்கு நெஞ்சு விம்மியது. இத்தனை காலத்தில் அவனைத் தியாகி என்று யாரும் சொன்னதில்லை.

"குழுவுக்கு உள்ளே போய் விதியை மாத்தப் போறேன் காந்தள்!" என்றான்.

காந்தள் கொழுந்துவின் வயிற்றில் வேப்பிலையை அரைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பட்டையைப் பார்த்தாள்.

"துணி நல்ல துணியா இருக்கே," என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் குளக்கரையில் நரி கயிற்றை அவன் கையில் கொடுத்தான். "தற்காலிகம்தான் தோழரே! விதியை மாற்றும்வரை யாராவது அளக்க வேண்டுமே!"

வரிசையின் கடைசியில் நின்ற முயல் கண்ணை அகல விரித்தான்.

"அண்ணே! நீங்களுமா?"

"உள்ளே இருந்து மாத்தப் போறேன் தம்பி. திரும்பு."

முயல் திரும்பினான். ஈட்டியப்பன் கயிற்றை அவன் வாலில் வைத்தான்.

"மாத்துங்கண்ணே, மாத்துங்க. நீங்க மாத்துற வரைக்கும் கயிறு கொஞ்சம் குளிருது," என்றான் முயல்.

ஈட்டியப்பனின் காது சிவந்தது. அப்போது காந்தள் வந்தாள். தலையில் துணி மூட்டை, இடுப்பில் கொழுந்து. கொழுந்து இரண்டு கையாலும் வயிற்றைச் சொறிந்துகொண்டே இருந்தான். காந்தள் கணவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"அளங்க!"

"நீ எதுக்கும்மா? உன் வால் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சவங்க, தெரியாதவங்கன்னு பார்க்கலாமா? துணைத் தலைவர்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். கயித்தை வைங்க."

நரி குறுக்கே பாய்ந்து வந்தான்.

"துணைத் தலைவரின் துணைவியார் அல்லவா! ஒரு சலுகை தரலாம். முன்வரிசையில் நிற்கும் கீரிக்கு முன்னால் நிற்கட்டும்!"

கல்லருகே நீர் தெளிவாக இருந்தது. வெயிலும் இருந்தது. கொழுந்து அழுதான். காந்தள் அந்த நீரைப் பார்த்தாள். பிறகு திரும்பிக் கடைசியில் நின்ற முயலைப் பார்த்தாள்.

"நான் முன்னால போனா இவன் இன்னும் பின்னால போகணும். இதுக்காகவாங்க கல்லடி பட்டீங்க?" என்று கணவனைக் கேட்டாள்.

ஈட்டியப்பனின் முட்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. வாழ்நாளெல்லாம் எதை ஒழிக என்று கத்தினானோ அந்தக் கயிறு இப்போது அவன் கையிலேயே இருந்தது!

"நரியாரே," என்றான். "முதல்ல உங்க வாலைக் காட்டுங்க."

"எ... என் வாலா? அளப்பவன் வாலை அளக்கும் வழக்கம் இல்லையே!"

நரியின் வால் கால்களுக்கு நடுவே போய் ஒளிந்துகொண்டது. ஈட்டியப்பன் மஞ்சள் பட்டையைக் கழற்றினான். அதில் கொழுந்துவின் மூக்கைத் துடைத்துவிட்டு நரியிடம் நீட்டினான். கயிற்றை மட்டும் சுருட்டித் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

"கயிறு! அது பொதுச் சொத்து!" என்று நரி கூவினான்.

"பொதுச் சொத்துன்னா பொதுவுக்கே வரட்டும்!"

"போராட்டத்தைப் பாதியில் கைவிடுகிறீர்கள் தோழரே!"

"நான் கைவிடுறது உன் வரிசையைத்தான்யா!"

வீட்டுக்கு வந்ததும் ஈட்டியப்பன் மூலையைக் காலி செய்தான். கடைசிப் பட்டையை எடுத்ததும் பின்வாசல் திறந்து காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. அவனுக்கே வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் குட்டிகளுக்கு வர வேண்டிய காற்றை அல்லவா அடைத்து வைத்திருந்தான்!

ஓடையிலிருந்து ஒரு தட்டைக் கல்லை உருட்டிக்கொண்டு வந்தான். மண்ணைத் தோண்டி, குனிந்து குனிந்து பார்த்து, ஒரு பக்கம்கூட ஏறாமல் இறங்காமல் பதித்தான்.

"பார்த்தியா காந்தள்! கல்லுன்னா சமமா இருக்கணும். ஏற்றத்தாழ்வு நம்ம கொள்கைக்கே விரோதம்!"

காந்தள் ஒரு குடுவை நீரை ஊற்றினாள். நீர் கல்லின்மேல் தேங்கி நின்று யோசித்தது. பிறகு வழிந்து நேராகப் படுக்கையறைக்குள் போனது. குட்டிகள் கூச்சலிட்டுக்கொண்டு எழுந்து ஓடின.

"தண்ணிக்குக் கொள்கை கிடையாதுங்க. அதுக்குச் சாய்வுதான் வேணும்!" என்றாள் காந்தள்.

ஈட்டியப்பன் தலையைச் சொறிந்தான். பிறகு கல்லின் உள்பக்கத்துக்கு அடியில் கூழாங்கல்லை அடைத்துத் தூக்கி, பின்வாசல் பக்கம் சாய்த்தான். அங்கிருந்து ஒரு சிறு கால்வாய் கீறினான். துவைத்த நீர் அதன் வழியே வெளியே ஓடிச் சேம்புச் செடிகளுக்குப் பாய்ந்தது. மரத்தில் வழியும் மழைநீரைப் பிடிக்கப் பிளந்த மூங்கிலை வேருக்கு நடுவே செருகினாள் காந்தள். நீர் விழும் இடத்தில் துணி ஊறவைக்க ஒரு பாக்குப் பாளையை வைத்தாள். கல்லுக்கு மேலே சுவரைக் குடைந்து, அழுக்குப் போக்கும் பூந்திக்கொட்டை வைக்க ஒரு மாடம் செய்தாள். இடம் சிறிதாக இருந்ததால் கீழே பரப்பாமல் எல்லாவற்றையும் மேலே மேலே ஏற்றினாள். பழைய கொடிக்கம்புகள் இரண்டு பக்கமும் நின்றன. எழுதிய பட்டைகள் மடித்த துணி வைக்கும் தட்டுகளாயின. ஒரு பட்டையை மட்டும் துவைப்பவர் கண்ணுக்கு நேரே சாத்தி வைத்தான் ஈட்டியப்பன். 'குளம் எல்லோர்க்கும் பொது!'

"அது மறக்கக் கூடாது," என்றான்.

"மறக்க வேண்டாம். நனையாமப் பார்த்துக்குங்க," என்றாள் அவள்.

கொடி கட்டக் கயிறு வேண்டுமே! ஈட்டியப்பன் தோளில் கிடந்ததை எடுத்தான். எத்தனையோ பேரைத் தலைகுனிய வைத்த கயிறு. கம்புக்குக் கம்பு இழுத்துக் கட்டினான். அளந்து வெட்டியதுபோல் சரியாக இருந்தது! அவன் உதிர்த்த முட்களைப் பிளந்து துணி பறக்காமல் செருகினாள் காந்தள். கொழுந்துவின் தொட்டில் துணிதான் முதலில் ஏறியது.

மழை பிடித்துக்கொண்டது. வெளியே காடே நனைந்தது. உள்ளே காற்று நடையில் நுழைந்து, துணிகளை ஊஞ்சலாட்டி, பின்வாசல் வழியே போனது. காய்ந்த துணியில் படுத்த கொழுந்துவின் சொறி நாளாக நாளாக ஆறியது. அவன் வயிறு பலாச்சுளைபோல் வழவழவென்று ஆனது. சேம்பும் ஈட்டியப்பனின் காது உயரத்துக்கு வளர்ந்தது.

முயல் பார்க்க வந்தான். "அட, இவ்வளவுதானா அண்ணே!" என்று ஓடிப்போய்த் தன் வளையில் ஒரு கல்லைப் போட்டான், சாய்வாகவே போட்டான். பெருச்சாளியும் போட்டான். மானும் கீரியும் மரநாயும்கூட அவரவர் இருப்பிடத்தில் ஒரு மூலையைப் பிடித்தார்கள்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் நரி புதுக் கயிற்றோடு குளக்கரைக்கு வந்தான். அங்கே கருங்குரங்கும் சிறுத்தையும் மட்டும் நின்றார்கள். கருங்குரங்கின் வால் நீளம். அதனால் சிறுத்தை பின்னால் நிற்க வேண்டியிருந்தது.

"என்னடா இது?" என்று சிறுத்தை உறுமினான். "நானா கடைசி?"

"ஐயோ, இல்லை ஐயா!" என்று நரி நடுங்கினான்.

"அப்ப யாரு?" சிறுத்தை சுற்றிலும் பார்த்தான். வேறு யாரும் இல்லை. அவன் பார்வை நரியின் மேல் வந்து நின்றது. "உன் வாலை நீயே அளடா!"

நரி தன் கயிற்றால் தன் வாலை அளந்தான். அன்றிலிருந்து அவனே கடைசி. வால் சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. அவனைத் தவிர அடியில் நிற்க ஆளில்லாமல் அது தானாகவே செத்தது. முயலும் பெருச்சாளியும் நினைத்த நேரத்தில் குளத்துக்குப் போய்த் தெளிந்த நீரில் குளித்துவிட்டு வந்தார்கள்.

அடுத்த மழையில் ஈட்டியப்பன் வீட்டு வாசலில் ஒரு குரல் கேட்டது.

"தோழர்... என் ஒரே போர்வை காயவே மாட்டேன் என்கிறது..."

சொட்டச் சொட்ட நின்றான் நரி. ஈட்டியப்பனுக்குப் பழைய கசப்பெல்லாம் தொண்டைக்கு வந்தது.

"வாலை வெளியே கழட்டி வெச்சிட்டு வரச் சொல்லு!" என்று உள்ளிருந்தே கத்தினான்.

"பாவம், நடுங்குறான்," என்றாள் காந்தள். "வா நரி, உட்காரு. முயலு கொடி அறுந்துபோச்சுன்னு முதல்ல வந்திருக்கான். அவனுக்கு அடுத்து நீ. இங்க வந்த வரிசைதான்."

நரி குந்தினான். தன் முறை வந்ததும் போர்வையை விரித்துப் போட்டான். அந்தக் கயிறு எது என்று அவனுக்குத் தெரிந்தது. அதை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றான். ஈட்டியப்பன் ஒரு முள்ளை எடுத்துப் போர்வை நழுவாமல் செருகிவிட்டான். செருகும்போது அவன் மீசை மட்டும் லேசாகத் துடித்தது.

பிறர் வகுத்த வரிசையில் முன்னிடம் கேட்டு நிற்பதைவிட, தன் வீட்டு மூலையில் தானே ஒரு கல்லைப் போட்டுக்கொள்வதே மேல்.