கிட்டங்கியில் வாசித்த விண்ணப்பம்

"நிதி கேட்டு மூணு தடவை எழுதிட்டேன். மூணு தடவையும் முடியாதுன்னுட்டாங்க. எங்க குறைன்னு நீங்கதான் சொல்லணும்."

கேட்டவர் ஞானதுரை. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டது தன்னைவிட இருபது வயது இளையவளிடம்.

பாத்திமுத்து மெஷினை நிறுத்தவில்லை. தூத்துக்குடிச் சந்தைக்குப் பின்னால் அவளுக்குச் சின்னதாக ஒரு தையல்கடை. சிலம்பக் குழு, வில்லுப்பாட்டுக் குழு, பெண்பிள்ளைகளின் கபடிக் குழு என்று அவள் எழுதிக்கொடுத்தவற்றுக்கெல்லாம் எங்கிருந்தாவது நிதி வந்திருந்தது. அந்த வித்தையைக் கேட்டு ஆட்கள் வருவார்கள். பாதிப்பேர் கோபித்துக்கொண்டு போவார்கள்.

"எந்தக் குழுவுக்கு?"

"உப்பளத்துப் பிள்ளைங்க. களியல் ஆடுறாங்க."

களியல் என்றால் கையிலுள்ள கோலைத் தட்டித் தட்டி வட்டமாக ஆடுவது.

"உப்பு மூட்டை அடுக்குற பழைய கிட்டங்கி ஒண்ணுல பழகுறாங்க. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லியாச்சு. வேற இடம் பிடிக்கணும். விண்ணப்பம் போட வெள்ளிக்கிழமை கடைசி நாள். இதுவும் போச்சுன்னா பிள்ளைங்க ஆளுக்கொரு பக்கம் போயிருவாங்க."

மெஷின் நின்றது. விண்ணப்பத்தை வாங்கினாள். இருபத்திரண்டு பக்கம். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடினாள்.

"துணி நல்ல துணிதான், அண்ணாச்சி. யாரை நிக்கவெச்சு அளவெடுத்தீங்க?"

ஞானதுரைக்கு விளங்கவில்லை.

"வார்த்தையை மாத்தணுமா?"

"ஒண்ணும் மாத்த வேண்டாம். அந்தப் பிள்ளைங்க முன்னால ஒருக்கா வாசிங்க."

"அவங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா."

"புரியலன்னா கேப்பாங்க."

"கேட்டா?"

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

வீடு போய்ச் சேரும்வரை அவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. முப்பத்தாறு வருஷம் ஊரார் விண்ணப்பத்தையெல்லாம் சரிபார்த்தவர். அவருக்கு ஒரு தையல்காரி வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறாள்.

ஆனால் வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் கிட்டங்கிக்குப் போனார். ஆட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. பதினான்கு பிள்ளைகளும் வியர்வை வழியத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"ஒண்ணு வாசிக்கிறேன். கேளுங்க."

வாசித்தார்.

"விளிம்புநிலை இளையோரின் பண்பாட்டு ஆற்றல்களை ஒருங்கிணைத்து, பன்முக ஆளுமை மேம்பாட்டின் வாயிலாக நிலைத்த சமூக மாற்றத்தை முன்னெடுக்கும் முன்னோடி அமைப்பாக இவ்வமைப்பு திகழ்கிறது..."

நல்ல பிள்ளைகள். கோயிலில் பிரசங்கம் கேட்பதுபோலக் கேட்டார்கள். ஏழாம் பக்கத்தில் ஒருவன் கொட்டாவியை அடக்கினான். பன்னிரண்டாம் பக்கத்தில் ஞானதுரைக்கே தொண்டை வறண்டது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இருபத்திரண்டாம் பக்கமும் முடிந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"ஏதாவது கேக்கணுமா?"

முன்னால் ஒரு சிறுமி எழுந்தாள். பதினொன்றோ பன்னிரண்டோ வயது. விடுமுறையில் தாயோடு உப்பளத்துக்குப் போகிறவளாக இருக்கவேண்டும். கால்விரல் இடுக்கெல்லாம் உப்புத் தண்ணீர் அரித்த புண்.

"சார், இவங்கல்லாம் எந்த ஊரு?"

"யாரும்மா?"

"நீங்க வாசிச்சீங்கள்லா, அந்தக் குழு. பெரிய குழு போல இருக்கு."

கையிலிருந்த கோலைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"எங்களுக்கு இந்த இடம் போயிட்டுன்னா, எங்களையும் அதுல சேத்துக்கிடுவாங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அதற்குப் பதில் வேண்டியிருந்தது. அத்தனை முகங்களும் அவரையே பார்த்தன.

ஞானதுரை நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார்.

கடைசித் தாளைத் திருப்பி முழங்காலில் வைத்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பேனாவைத் திறந்தார்.

"ஒம் பேரு என்னம்மா?"