பாலமுருகனுக்குப் படக்கதை சொன்ன அஞ்சலாட்சி அம்மையார்

வடசென்னையில், ஓட்டேரிக் கால்வாயை ஒட்டிய தெருவொன்றில், தேவகுஞ்சரி டாக்கீஸ் என்றொரு திரையரங்கு இருந்தது. ஒரு காட்சி முடிந்து மறுகாட்சி தொடங்குமுன் வேர்க்கடலைத் தோலையும் வெற்றிலை எச்சிலையும் கூட்டிக் கழுவும் பணி அஞ்சலாட்சி அம்மையாருடையது. அவருடைய கணவர் கன்னியப்பன் அதே கொட்டகைக்குச் சுவரொட்டி ஒட்டப் போனவர், ஏணி சரிந்து மாண்டார். பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. மழை பெய்தால் தண்ணீர் புகும் கால்வாய்க் கரைக் குடிசையில் அம்மையார் தனியே வாழ்ந்தார்.

திரையரங்கின் முகப்பில், டிக்கெட் கொடுக்கும் அறையை ஒட்டி, கம்பிக்கதவு போட்ட சிறு சந்நிதி ஒன்று உண்டு. அதில் முழங்கை உயரக் கல் திருமேனியாகப் பாலமுருகன் நின்றருளினார். புதுப் படம் வந்தால் பெட்டியை அவர் முன் வைத்துக் கற்பூரம் காட்டிய பிறகே உள்ளே எடுத்துப் போவார்கள். ஆனால் பெருமானின் முகம் தெருவைப் பார்த்திருந்தது. திரை அவருக்கு முதுகுப்புறம்.

இது அம்மையாரின் மனத்தை உறுத்தியது. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் உள்ளே போய் வாய்பிளந்து பார்க்க, வீட்டுப் பிள்ளை மட்டும் வாசலில் நிற்கிறதே என்று வருந்தினார். ஆகவே காலையில் கூட்டி முடித்து, கைகால் கழுவி, கம்பிக்கு இடையே ஓர் அரளிப்பூவைச் செருகிவிட்டு, சந்நிதியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து கதை சொல்லத் தொடங்கினார். கதவோரம் நின்று முந்தின நாள் பார்த்த மட்டும் சொல்வார். சண்டைக் காட்சி என்றால் கையை வீசிக் காட்டுவார். பாட்டு வந்தால் மெல்லப் பாடுவார். டிக்கெட் கிழிப்பவர்கள் சிரித்தார்கள். "உலகத்துக்கே கத நடத்துறவருக்கு நீ கத சொல்றியா?" என்று கேட்டார்கள். அம்மையார் பொருட்படுத்தவில்லை.

அவரால் பொருட்படுத்தாமல் இருக்க முடியாதது ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு இவர் வரலாற்றைச் சொல்ல இயலாது.

சந்நிதியின் சாவி தனபாக்கியம் அம்மாளிடம் இருந்தது. இவர் திரையரங்குக் கேண்டீனைக் குத்தகைக்கு எடுத்தவரின் மனைவி. நாள்தோறும் கதவைத் திறந்து, பெருமானுக்குப் பால் ஊற்றி, துவட்டி, துணி கட்டி, மாலை சாத்துவார். அஞ்சலாட்சி அம்மையார் வெளியே நின்று பார்ப்பார். தனபாக்கியத்தின் வளையல்கள் அந்தச் சிறு தோளில் உரசும் ஓசை கேட்கும்போதெல்லாம் அம்மையாரின் வயிறு பற்றி எரியும். தம் கைகளை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

ஒருநாள் பொறுக்காமல் சொன்னார்: "காதுல தண்ணி நிக்குது பாரும்மா. கொஞ்சம் தொடச்சு வுடு."

"தொடப்பம் புடிக்கிறவ எனக்குப் பூச கத்துக் குடுக்கிறியா? போ, போய் கக்கூஸக் கழுவு."

கேண்டீன் ஆட்கள் சிரித்தார்கள். அம்மையார் வாளியை எடுத்துக்கொண்டு போனார். ஆனால் மறுநாள் காலை படியில் உட்கார்ந்து பெருமானிடம் கேட்டார்: "அவ என்னிய அப்படிப் பேசுறா, நீ அவகிட்ட குளிச்சிக்கினு சிரிச்சிக்கினு நிக்கிற. உனக்கும் காசுக்காரிதான் வேணுமா?" கேட்டுவிட்டு, கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

காலம் மாறியது. குளிரூட்டிய பெரிய வளாகங்களுக்குக் கூட்டம் போய்ச் சேர்ந்தது. தேவகுஞ்சரியில் நாற்காலிகள் கிழிந்தன, மின்விசிறிகள் நின்றன. பெரிய முதலாளி காலமானதும், மகன் வேதாசலம் அடுக்குமாடி கட்டுகிறவர்களிடம் இடத்தை விற்றுவிட்டார். கடைசி வாரத்தில் ஒரு பழைய படம் ஓடியது. சிறு வயதில் காணாமல்போன மகனை எண்ணி, ரயில் நிலையத்தில் இட்லி விற்கும் ஒரு தாயின் கதை. அம்மையார் அதையும் நாளுக்குக் கொஞ்சமாகப் பெருமானுக்குச் சொல்லிவந்தார்.

மூடப்போகும் நாளுக்கு முந்தின நாள் வேதாசலம் வந்தார். முருகனை என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தது. தனபாக்கியம் அம்மாளைப் பார்த்து அவர் சொன்னார்: "அம்மா, இத்தன வருசமா பூச பண்ணது நீங்கதான். உங்க தெரு பிள்ளையார் கோயில்ல வச்சுக்கங்க. அண்ணன் பக்கத்துல தம்பி இருக்கட்டும்."

தரை துடைத்துக்கொண்டிருந்த அஞ்சலாட்சி அம்மையார் நிமிர்ந்தார். "ஐயா..." என்றார்.

"உனக்கு என்னம்மா வேணும்?"

அம்மையாரின் கண்முன் குடிசை வந்தது. முழங்கால் வரை ஏறும் கால்வாய்த் தண்ணீர் வந்தது. அங்கே பெருமானை எங்கே வைப்பது? "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். முதலாளி சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததே அவரை இன்னும் எரித்தது.

மறுநாள் காலை வழக்கம்போல் படியில் உட்கார்ந்தார். பூ வைத்தார். "நேத்து எங்க வுட்டேன்? மவன் வளந்து பெரியவனாயி ரயில்ல வர்றான். ஜன்னல் வழியா கைய நீட்டி இட்லி கேக்குறான். அம்மாக்காரி பொட்டலத்தக் குடுக்குறா..." அத்தோடு நிறுத்தினார். "மீதிய நான் சொல்லமாட்டேன். அவகூடத்தானே போறே? அவளையே கேளு" என்று எழுந்து, திரும்பிப் பாராமல் போய்விட்டார்.

அன்று மாலை தனபாக்கியம் அம்மாள் பெருமானைப் பட்டுத்துணியில் சுற்றி, குழந்தையைப்போல் இடுப்பில் ஏந்தி, ஆட்டோவில் ஏறி மடியில் வைத்துக்கொண்டார். அஞ்சலாட்சி அம்மையார் தூணுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தார். கணவரைப் பறிகொடுத்த நாளில்கூட அவர் அப்படி அழுததில்லை.

திரையரங்கை இடித்தார்கள். அம்மையாருக்கு மீன் அங்காடியில் கூட்டும் வேலை கிடைத்தது. தனபாக்கியத்தின் தெரு வழியாகப் போக நேர்ந்தால் சுற்றிக்கொண்டு போவார். ஆயினும் விடிந்ததும் கைகால் கழுவி, அந்தத் திக்கைப் பார்த்து, "நல்லா இரு" என்று சொல்லாமல் ஒரு வாய்த் தண்ணீர்கூடப் பருகியதில்லை. பிள்ளையோடு கோபித்துக்கொண்ட தாய் செய்வது அதுதானே. பேச்சை நிறுத்தினாரே ஒழிய, நினைப்பை நிறுத்தவில்லை.

ஒரு பிற்பகலில் குடிசை வாசலில் நிழல் விழுந்தது. தனபாக்கியம் அம்மாள் நின்றிருந்தார். முகம் வாடியிருந்தது. உள்ளே வரவில்லை; வாசலிலேயே பேசினார்.

"மத்தியானம் கண்ணசந்தாப் போதும் அஞ்சல. ஒரு கொயந்த வந்து நிக்குறான். 'அப்பறம் இன்னா ஆச்சு'ன்னு கேக்குறான். பஞ்சாமிர்தம் வச்சேன், புதுப் பட்டு சாத்துனேன். எதையும் பாக்கமாட்டேங்குறான். திரும்பவும் அதயேதான் கேக்குறான்."

அம்மையார் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"எதுக்கு அப்பறம்டா கண்ணுன்னு நேத்து கேட்டேன். 'அந்த இட்லிக்கார அம்மா பொட்டலத்தக் குடுத்தாளே, அப்பறம்?' அப்படின்னான். நானும் அந்தப் படத்தப் பாத்தவதானே. சொல்லிப் பாத்தேன். பாதியிலயே தலைய ஆட்டிட்டான். 'உனக்குச் சொல்ல வரல. அஞ்சலைய வரச் சொல்லு'ன்னான்." தனபாக்கியம் அம்மாளின் குரல் உடைந்தது. "இத்தினி வருசம் குளிப்பாட்டுனவ நானு. எனக்காக ஒரு நாள் வந்தானா? வந்ததும் உன்னத் தேடிக்கினு வர்றான். வயிறு எரியுது அஞ்சல. வரக்கூடாதுன்னுதான் இருந்தேன். அவன் வுடமாட்டேங்குறான்."

அந்த எரிச்சலை அஞ்சலாட்சி அம்மையாரைவிட அறிந்தவர் யார்? ஆனாலும் அவருக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. மெய்சிலிர்க்க நின்றவர், "இன்னொரு தபா சொல்லு. என் பேரச் சொல்லியா கேட்டான்?" என்றார்.

"ஆமா."

"எப்படிச் சொன்னான்?"

"அஞ்சலன்னுதான். வா, போலாம்."

பிள்ளையார் கோயிலின் இடப்புறத்தில் பெருமான் நின்றிருந்தார். தனபாக்கியம் அம்மாள் கம்பிக்கதவைத் திறந்து, "உள்ள வா" என்றார். கேட்க ஏங்கிய அந்தச் சொல் கிடைத்தபோது, அம்மையார் கால் கூசி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடங்கினார்.

"பொட்டலத்த வாங்கிக்கினான். ரயிலு கெளம்பிடுச்சு. பிரிச்சு ஒரு வாய் வச்சான் பாரு, அந்த ருசி அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. சின்னப்புள்ளயில சாப்ட்ட ருசி. சங்கிலியப் புடிச்சு இழுத்தான். ரயிலு நின்னுச்சு. குதிச்சு ஓடியாந்து, 'அம்மா'ன்னு காலப் புடிச்சிக்கினான். அவ்ளோதான். சுபம்."

தனபாக்கியம் அம்மாள் திகைத்தார். "படத்துல ரயிலு பூடுமே அஞ்சல. ரெண்டு பேரும் யாருன்னே தெரியாம பிரிஞ்சிடுவாங்களே."

"தெரியும். பச்சப்புள்ளகிட்ட அதப் போய்ச் சொல்லுவாங்களா?"

அவர் சொல்லி வாய் மூடுமுன், பெருமானின் வலத்தோளில் சாத்தியிருந்த மாலையிலிருந்து ஒரு சாமந்திப்பூ நழுவியது. காற்றில்லாத அந்தப் பொழுதில் அது படியைத் தாண்டி வந்து அம்மையாரின் மடியில் விழுந்தது. திரி தூண்டிக்கொண்டிருந்த பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நான் கட்டுன மாலை" என்றார் தனபாக்கியம் அம்மாள், மெல்ல. "எனக்கு ஒரு நாளும் விழுந்ததில்ல."

அந்தப் பூவை அவரிடம் நீட்டியிருக்கலாம். அஞ்சலாட்சி அம்மையாருக்கு மனம் வரவில்லை. மடியில் விழுந்ததைக் கைக்குள் இறுக மூடிக்கொண்டு, "நாளைக்குக் காலைல வரேன். வேற கத சொல்றேன்" என்று பெருமானிடம் சொல்லி எழுந்தார். அன்று முதல் ஒருவர் குளிப்பாட்ட, ஒருவர் கதை சொல்ல, இருவரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தபடியே தொண்டு செய்து வாழ்ந்தார்கள்.

அழுக்காறு தீது என்பது பெரியோர் வாக்கு. அதை மறுக்க நாம் யார்? ஆனால் பொன்னுக்கும் பொருளுக்கும் பொறாமைப்படும் உலகில், இறைவனின் ஈரத் தோளைத் துவட்டும் கைக்காகப் பொறாமைப்பட்ட நெஞ்சு ஒன்று ஓட்டேரிக் கால்வாய்க் கரையில் இருந்தது. அந்த நெஞ்சின் சொல்லைக் கேட்கப் பெருமானே காத்திருந்தார். அஞ்சலாட்சி அம்மையாரின் அடிச்சுவட்டு மண்ணுக்கு நம் வணக்கம்.