எழுந்திருக்க எத்தனை ஆள்?

கடலோரத்து மடம் ஒன்றில் பூரணத்தம்மை குருவாக இருந்தார். அவருடைய சீடர் நல்லசிவம் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். மூத்தவராயிற்றே, கேள்வி கேட்கக் கூச்சப்படுவார் என்று பார்த்தால், அதுதான் இல்லை.

போன புயலில் கரண்ட் போய், மடத்து மோட்டார் ஓடவில்லை. குடத்தோடு வந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சியிடம் "தண்ணி இல்லம்மா" என்று சொல்லி அனுப்பியவர் நல்லசிவம். அது அவர் நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் ஒரு ஜெனரேட்டர் வாங்கிவிட வேண்டும் என்று தவியாய்த் தவித்தார்.

தெரிந்த பந்தல்காரரிடம் ஒன்றை இரவல் வாங்கி வந்து ஓட்டிப் பார்த்தார். விளக்கெல்லாம் எரிந்தது. மோட்டார் சுவிட்சைப் போட்டதும் ஜெனரேட்டர் உறுமி, திணறி, நின்றேவிட்டது.

"அம்மா, மோட்டாருக்கு வேண்டியதைவிட இது கூடவே தரும்னு மேலயே எழுதியிருக்கு. கணக்கு சரி. அப்புறம் ஏன் படுத்துக்குது?"

"முதல்ல சாப்பிட வாங்க" என்றார் அம்மை.

அன்றைய பந்தியில் வஜ்ஜிரவேல் என்றொருவர் உட்கார்ந்திருந்தார். கனத்த சரீரம். மோர்ச்சோறு வரைக்கும் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டார். சாப்பிட்டவரால் எழத்தான் முடியவில்லை. பந்தியில் எல்லாரும் ஒன்றாக எழுவது அந்த மடத்து வழக்கம். ஆகையால் அத்தனை பேரும் காய்ந்த கையோடு காத்திருந்தார்கள்.

"நல்லசிவம் ஐயா, அவருக்கு ஒரு கை கொடுங்க" என்றார் அம்மை.

கொடுத்தார். வஜ்ஜிரவேல் அசையவில்லை. பரிமாறிக்கொண்டிருந்தவரும் வந்து பிடித்தார். இருவருமாக மூச்சுப் பிடித்து இழுத்தபிறகு ஒருவழியாக எழுந்தார்.

"இப்ப விட்டுடுங்க" என்றார் அம்மை.

விட்டார்கள். வஜ்ஜிரவேல் ஏப்பம் விட்டபடி, கையலம்பத் தானாகவே நடந்து போனார்.

"அவர் நடக்க எத்தனை ஆள் வேணும்?"

"ஒருத்தரும் வேணாம்மா."

"எழ?"

மோட்டாருக்கும் ஓடுவதைவிடக் கிளம்பத்தான் பலம் அதிகம் வேண்டும் என்று நல்லசிவத்துக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. விளங்கிய கையோடு ஆசையும் வந்துவிட்டது, மனுஷர்தானே.

"அப்ப பெருசாவே வாங்கிடுறேம்மா. மோட்டார், கிரைண்டர், ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் ஒரே நேரத்துல எழுந்திரிக்கிற மாதிரி. நம்ம பந்தியே அப்படித்தானே?"

"வெள்ளம் வந்தா அவ்வளவு பெருசை மேட்டுக்கு யார் தூக்குறது?"

"அதுக்கு ஆள் பிடிக்கணும்தான். ஆனா ஒண்ணையும் விட மனசு வரலையே."

அம்மை சிரித்தார். "அன்னைக்குக் குடத்தோட வந்த பொண்ணு, உங்ககிட்ட கிரைண்டர் ஓடுதான்னா கேட்டா?"

நல்லசிவம் தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கியது.

"தண்ணி எழும்புற அளவுக்கு வாங்குங்க ஐயா. மோட்டார் எழுந்து நடக்க ஆரம்பிச்சதும் தூக்கிவிட்ட கை சும்மாதானே இருக்கும், அந்தக் கையால விளக்கைப் போட்டுக்கலாம்."